அந்த சுவிட்சை மாத்துறதுக்கு முன்னாடி...

கார் கண்ணாடிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வெயில் காலம் முழுக்க சமர்த்தாக ஏறி இறங்கும். ஐப்பசி மழை பிடிக்கிற அன்றைக்கு, டோல்கேட்டில் சில்லறை வாங்க இறக்கின இடத்திலேயே நின்றுகொண்டு "இனி ஏற மாட்டேன் போ" என்று அடம் பிடிக்கும். சொந்தக் காராக இருந்தால் சீட் நனையும், அவ்வளவுதான். கால் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு அன்றைய ஓட்டமே போச்சு. கண்ணாடி மூடாத வண்டியில் எந்த கஸ்டமரும் ஏற மாட்டார், ராத்திரி தெருவில் நிறுத்தவும் முடியாது.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பட்டறையில் சுவிட்சை நாலு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

"சுவிட்ச் அவுட் சார். இது தனியா வராது. மிரர் சுவிட்சோட சேர்த்து முழு செட்டாத்தான் மாத்தணும்."

"எவ்ளோ ஆகும்ணே?"

"நாலாயிரத்துக்குள்ள வரும் சார். ஒரிஜினல் போட்டா தொந்தரவே இருக்காது."

நாலாயிரம் என்பது ஒரு பேச்சுக்கு. வண்டியைப் பொறுத்து கூடும், குறையும். ஆனால் கேள்வி தொகையைப் பற்றியது இல்லை. சுவிட்ச்தான் போனது என்று அந்த இரண்டு நிமிடத்தில் எப்படித் தெரிந்தது?

பல நேரம் தெரிந்திருக்காது என்பதுதான் உண்மை. அதற்காக எடுத்தவுடனே "மெக்கானிக் எல்லாம் ஏமாத்துறாங்க" என்று கிளம்பிவிட வேண்டாம். தப்பில் பாதிக்கு மேல் வண்டிக்காரர் பக்கம்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த சுவிட்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம்.

உள்ளே இருப்பது ராக்கெட் இல்லை

கதவுக்குள் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. அதற்கு இரண்டு வயர். ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ் கொடுத்தால் கண்ணாடி ஏறும். அப்படியே மாற்றிக் கொடுத்தால் இறங்கும். பழைய மாடல், நடுத்தர விலை வண்டிகளில் சுவிட்ச் செய்வது இந்த ஒரே வேலையைத்தான்: பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றிக் கொடுப்பது. உள்ளே ஒரு சின்ன போர்டு, சில பித்தளை அல்லது செம்புத் தகடுகள், அவை போய் உட்காருகிற பாயின்ட்கள், மேலே பிளாஸ்டிக் பட்டன்.

மிரர் சுவிட்சும் இதன் தம்பிதான். ஒவ்வொரு சைடு மிரருக்குள்ளும் இரண்டு குட்டி மோட்டார். ஒன்று மேலும் கீழும் அசைக்க, இன்னொன்று இடமும் வலமும் அசைக்க. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வயர், தனித்தனியாக ஒவ்வொரு வயர், ஆக மொத்தம் மூன்று வயரில் நாலு திசையும் முடிந்துவிடும். இடது மிரரா வலது மிரரா என்று தேர்ந்தெடுக்க ஒரு குமிழ். அங்கேயும் நடப்பது அதே பிளஸ் மைனஸ் மாற்றல்தான்.

சில கார்களில் இந்த இரண்டும் டிரைவர் கதவில் ஒரே பேனலில் சேர்ந்து வரும். "முழு செட்" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். நாலு கண்ணாடிக்கும் இரண்டு மிரருக்கும் ஒரே பெட்டி. அதில் ஒரு பாயின்ட் கெட்டாலும் பெட்டியோடு வாங்கு என்பது விற்பவரின் கணக்கு.

இது ஏன் கெடுகிறது? கண்ணாடி மோட்டார் நல்ல கரண்ட் இழுக்கும் ஆசாமி. ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கி விடும்போதும் பாயின்ட்டில் ஒரு சின்னப் பொறி பறக்கும். வருஷக்கணக்கில் பறந்தால் கரி பிடிக்கும். அது போதாதென்று டிரைவர் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு போகும்போது மழைச்சாரல் நேராக சுவிட்ச் மேல்தான் விழும். டீ கொட்டும். பிள்ளைகள் ஜூஸ் கொட்டுவார்கள். கரியும் ஈரமும் தூசியும் சேர்ந்தால் கரண்ட் போகாது.

கவனிக்க வேண்டியது: கரி பிடித்தது என்பது வேறு, உடைந்தது என்பது வேறு. கரி பிடித்த பாயின்ட்டைக் கழற்றி, எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரால் துடைத்தால் பல சுவிட்சுகள் மறுபடி உயிர் பெறும். தகடு உருகியிருந்தாலோ, போர்டு கருகியிருந்தாலோ, பட்டன் அடிப்பகுதி முறிந்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டு நிமிடத் தீர்ப்பில் அது நடப்பதில்லை.

சுவிட்ச்தான் குற்றவாளியா?

திறப்பதற்கு முன்னாடியே, பைசா செலவில்லாமல் பாதி விசாரணையை முடித்துவிடலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம், படித்தது காமர்ஸ் என்றாலும் :-)

முதலில் டிரைவர் பக்கம் இருக்கும் லாக் பட்டனைப் பாருங்கள். குழந்தைகள் கண்ணாடியை இறக்காமல் இருக்க வைத்தது அது. அது அமுங்கியிருந்தால் மற்ற கதவுகளின் பட்டன் வேலை செய்யாது. இதற்காகவே சர்வீஸ் சென்டர் வரை போய் வந்தவர்கள் உண்டு.

நாலு கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதா? நாலு மோட்டாரும் ஒன்றாகச் சாவது நடக்காத காரியம். முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அடுத்து எர்த் வயர். ஃபியூஸ் விலை ஒரு டீ, வடை காசு.

பட்டனை அமுக்கினால் உள்ளே 'க்ர்ர்' என்று சத்தம் வருகிறது, கண்ணாடி மட்டும் நகரவில்லையா? சுவிட்சும் மோட்டாரும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். இந்த நிலையில் புது சுவிட்ச் போட்டால் புது சுவிட்சிலும் அதே 'க்ர்ர்' கேட்கும்.

அமுக்கும்போது டேஷ்போர்டு விளக்கு லேசாக மங்குகிறதா? கரண்ட் மோட்டார் வரை போகிறது. மோட்டார் திணறுகிறது. கண்ணாடி ஓடும் ரப்பரில் மண் சேர்ந்து இறுகியிருக்கலாம். கழுவி சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

கதவைப் பாதி திறந்து வைத்து, கொஞ்சம் ஆட்டிக்கொண்டே அமுக்கினால் சில நேரம் வேலை செய்கிறதா? கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகும். தினமும் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, உள்ளே ஏதோ ஒரு வயர் மடிந்து அறுந்திருக்கும். பழைய வண்டிகளில் இது ரொம்ப சகஜம். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பின் சீட் கண்ணாடி அதன் கதவில் இருக்கும் பட்டனில் ஏறுகிறது, டிரைவர் பட்டனில் ஏறவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சுவிட்ச் பக்கம் போகலாம். இரண்டிலுமே ஏறவில்லை என்றால் மோட்டாரோ வயரோ. ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. பல வண்டிகளில் மற்ற கதவுகளின் மோட்டாருக்கு எர்த் கிடைப்பதே மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான். அதனால் டிரைவர் சுவிட்சில் ஒரு பாயின்ட் கரிந்தால், தொடாத பின் கதவுக் கண்ணாடி படுத்துக்கொள்ளும். அனுபவமில்லாதவர் பின் கதவு மோட்டாரை மாற்றிவிட்டு முழிப்பார்.

மிரருக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. இரண்டு மிரரும் எந்தப் பக்கமும் அசையவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். ஒரு மிரர் மட்டும் சுத்தமாக அசையவில்லை என்றால் அந்தக் கதவின் வயர். ஒரு மிரர் மட்டும், அதிலும் மேல் கீழ் மட்டும் அசையவில்லை என்றால் அந்த மிரரின் மோட்டார். இரண்டு மிரருக்கும் இடம் வலம் மட்டும் போய்விட்டது என்றால் சுவிட்ச் மேல் பழி போடலாம்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது பத்து நிமிடப் பொறுமை. அதற்கு மேல் உறுதி செய்ய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும், இல்லையென்றால் மல்டிமீட்டர். இருந்தும் ஏன் இதைச் செய்யாமல் நேராக "செட்டை மாத்து" என்கிறார்கள்?

இனி கொஞ்சம் பொருளாதாரம்

1970ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் லட்சணம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு மட்டுமே ஒரு சந்தையைக் கெடுத்துவிடப் போதும் என்று காட்டினார். 2001ல் பொருளாதார நோபல் பரிசை மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

பழைய காரையாவது வாங்கின பிறகு தெரிந்துகொள்ளலாம், ஓட்ட ஓட்ட வண்டவாளம் வெளியே வரும். ரிப்பேர் அதைவிட மோசம். 1973ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் இதற்குத் தனியாகப் பெயர் வைத்தார்கள். வாங்கிய பிறகும் தேவையா இல்லையா என்று வாங்கியவருக்கே தெரியாத சேவைகள், நம்பிக்கையின் பேரில் மட்டுமே வாங்கப்படுபவை. டாக்டர் எழுதும் டெஸ்ட் மாதிரி. கார் ரிப்பேர் அதற்கு அச்சு அசல் உதாரணம். சுவிட்சை மாற்றினார்கள், கண்ணாடி ஏறியது, சந்தோஷம். ஆனால் கப்ளரைக் கழற்றி மறுபடி மாட்டியதாலேயே சரியானதா, புது சுவிட்சால் சரியானதா? பழைய சுவிட்ச் குப்பைத் தொட்டிக்குப் போன பிறகு அதை யாராலும் சொல்ல முடியாது.

இங்கே சுலபமாக "பேராசை" என்று முடித்துவிடலாம். ஆனால் பட்டறைக்காரரின் பக்கம் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, நாலாயிரம் ரூபாய் சுவிட்சில் அவருக்கு 500 ரூபாய் மார்ஜின் நிற்கிறது, மாட்டுகிற கூலி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிட வேலைக்கு 700 ரூபாய். அதே ஆள் டோர் பேடைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு வயராகத் தேடி, சுவிட்சைப் பிரித்து, கரியைத் துடைத்து மாட்டினால் ஒரு மணி நேரம். இதற்கு எவ்வளவு கேட்க முடியும்?

300 ரூபாய் கேட்டால் வண்டிக்காரர் என்ன சொல்வார்?

"என்னண்ணே, ஒண்ணுமே மாத்தல. சும்மா தொடைச்சதுக்கு முந்நூறா?"

இதுதான் பிரச்சனையின் ஆணிவேர். பெட்டியில் வந்த பொருளுக்கு நாலாயிரம் கொடுக்கத் தயங்காத கை, மூளையைப் பயன்படுத்திய ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு கொடுக்க நடுங்குகிறது. அதுவும் தேடிப் பார்த்துவிட்டு "ஃபியூஸ்தான் சார் போயிருந்தது" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், அவருக்குக் கிடைப்பது ஃபியூஸ் காசும் ஒரு தேங்க்ஸும்தான். நேர்மைக்கு அபராதம் போட்டுவிட்டு "நேர்மையான மெக்கானிக்கே இல்லை" என்று புலம்புவதில் என்ன நியாயம்?

போதாததற்கு, துடைத்துக் கொடுத்த சுவிட்ச் இரண்டு மாதத்தில் மறுபடி மக்கர் பண்ணினால் சண்டைக்கு வருவார்கள். புதுசு போட்டுக் கெட்டால் "கம்பெனி பார்ட் சார், நான் என்ன பண்றது" என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆக மாற்றினால் லாபம், தேடினால் நஷ்டம், சரி செய்தால் ரிஸ்க். இந்த மூன்றையும் தெரிந்த எந்த மனிதனும் மாற்றத்தான் செய்வான். அவனைக் கெட்டவன் என்று சொல்வதற்கு முன், இந்தக் கணக்கை எழுதி வைத்தது யார் என்று கேட்க வேண்டும்.

தேடுகிற வேலைக்குக் கூலி இல்லாததால், கூலி பார்ட்ஸ் விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொண்ட கூலிக்கு எப்போதும் விலை அதிகம்.

பார்ட்ஸ் சந்தையில் யார் ராஜா?

மெக்கானிக்குக்கு மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது. சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு தகடு மட்டும் தனியாக ஏன் கிடைப்பதில்லை? கம்பெனிகள் முழு பேனலாக மட்டுமே விற்பதால். அந்தப் பேனலையும் வெளிப் பட்டறைகளுக்குச் சுலபமாகக் கொடுக்காத காலம் ஒன்று இருந்தது.

2011ல் ஒரு தனிநபர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். உதிரி பாகங்களும், பழுது பார்க்கத் தேவையான தகவல்களும் வெளிச் சந்தையில் கிடைப்பதில்லை, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே போகவேண்டிய கட்டாயம் இருக்கிறது என்பது புகார். மூன்று கம்பெனிகள் மேல் ஆரம்பித்த விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைகளுக்கும் பாகங்கள் கிடைக்க வழி செய்ய வேண்டும், வெளியே ரிப்பேர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின. அவற்றில் மூன்று கம்பெனிகளின் வழக்கில், 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தவறு தவறுதான் என்று சொல்லி, அபராதத் தொகையை மட்டும் குறைத்தது.

இதற்குப் பிறகு, 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அந்த வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்கென ஒரு இணைய வாசலும் திறந்தார்கள். விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகள் அதில் வருகின்றன. நல்ல ஆரம்பம்தான். ஆனால் உரிமை என்பது காகிதத்தில் இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்த ஆள் வேண்டும். திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும், திறந்து பார்க்கச் சொல்லும் வாடிக்கையாளரும் இல்லாவிட்டால் அந்த உரிமை யாருக்கு?

"அப்போ எல்லாத்தையும் நாமே கழட்டிரலாமா?"

வேண்டாம். இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. இந்தக் குட்டி சுவிட்ச் விளையாட்டுச் சாமான் இல்லை. அதில் தீப்பிடித்த வரலாறே இருக்கிறது.

2010 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் ஃபிட், ஜாஸ், சிட்டி மாடல்களில் உலகம் முழுக்க சுமார் 6,46,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டிரைவர் பக்க மாஸ்டர் சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்தால் சூடேறி தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது என்பது காரணம். அதற்கு முந்தைய வருஷம் தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு தீயில் ஒரு குழந்தை இறந்துபோனது. 2011 செப்டம்பரில் இந்தியாவிலும் முந்தைய தலைமுறை சிட்டி கார்கள் 72,115ஐ பவர் விண்டோ சுவிட்சை மாற்றித் தர அழைத்தார்கள்.

2012 அக்டோபரில் டொயோட்டாவின் முறை. உலகம் முழுக்க சுமார் 74 லட்சம் வண்டிகள். காரணம், டிரைவர் பக்க சுவிட்சுக்குள் தடவிய கிரீஸ் ஒரே சீராக இல்லை. இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள். ஒன்று, இத்தனை லட்சம் வண்டிக்கும் அவர்கள் சொன்ன வைத்தியம் முழு செட்டை மாற்றுவது இல்லை. சுவிட்சைச் சோதித்து, அதற்கென்றே உள்ள சிறப்பு கிரீஸைத் தடவுவது! ஒரு மணி நேர வேலை. செலவு கம்பெனி கையில் இருக்கும்போது "திறந்து பார்த்து சரி செய்" என்பது எவ்வளவு சுலபமாக ஞாபகம் வருகிறது பாருங்கள். இரண்டு, கடையில் கிடைக்கும் சாதாரண லூப்ரிகன்ட்டை அதில் அடித்தால் சுவிட்ச் உருகலாம், புகை வரலாம் என்று எச்சரித்தார்கள். 2015 அக்டோபரில் மறுபடியும் சுமார் 65 லட்சம் வண்டிகள், மறுபடியும் மாஸ்டர் சுவிட்ச், மறுபடியும் கிரீஸ் பிரச்சனை.

ஆகவே, பட்டன் இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயோ, பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ விடுவது அறவே கூடாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும் கூடாது. ஃபியூஸ் இருப்பதே வயர் எரியாமல் தான் எரிந்து காப்பாற்றத்தான். சுவிட்ச் பக்கத்தில் கருகின வாடை வந்தால், தொட்டால் சுட்டால், அங்கே சிக்கனம் பார்க்கவே வேண்டாம். உடனே மாற்ற வேண்டும். அதற்கு முன் அந்த மாடலுக்கு ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருந்தால் கம்பெனியே இலவசமாகச் செய்து தரும்.

புது மாடல் கார்களும் வேறு ஜாதி. பலவற்றில் சுவிட்ச் நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. "ஏத்து" என்று ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும் அனுப்பும். நடுவில் கை மாட்டினால் தானாக இறங்கும் வசதியும் அதோடு சேர்ந்தது. அதில் டெஸ்ட் லேம்ப்பை வைத்து அங்கே இங்கே குத்தினால் செலவு இன்னும் பெரிதாகும். வாரண்டியில் இருக்கும் வண்டியைச் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடலாம்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

விசாரணை முடிந்து, சுவிட்ச்தான் என்று உறுதியாகிவிட்டது. சரி, மாற்றலாம். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு காசை நீட்ட வேண்டியதில்லை.

பழைய சுவிட்சின் பின்னால் ஒரு பார்ட் நம்பர் இருக்கும். வாங்குவது அதே நம்பர்தானா என்று பார்க்க வேண்டும். ஒரே மாடலிலேயே மிரர் மடக்கும் வசதி உள்ளது, இல்லாதது என்று கப்ளரில் பின் எண்ணிக்கை மாறும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் இடது பட்டனுக்கு வலது மிரர் ஆடும்.

வாங்கும் இடத்தில் மூன்று வகை. கம்பெனி பெட்டியில் வருவது, வெளி பிராண்டில் வருவது, பழைய வண்டியிலிருந்து கழற்றியது. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் மூன்றாவது வகை மலிவாகக் கிடைக்கும். பழசு என்றாலே மட்டம் என்று இல்லை. ஆனால் மழைநீரில் மூழ்கின வண்டியிலிருந்து கழற்றியதா என்று சொல்ல யாருமில்லை. 2015 சென்னை வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயல் மழையும் எத்தனை கார்களை முழுக வைத்தன என்று நினைத்துப் பார்த்தால், பழைய சுவிட்சைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க மனசு வராது.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, பேனலின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டையை விட்டு மெதுவாக நெம்பினால் கிளிப் விட்டு வரும். சில வண்டியில் கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்குருவை முதலில் கழற்ற வேண்டும். அதைப் பார்க்காமல் இழுத்தால் டோர் பேட் உடையும். கப்ளரின் நாக்கை அமுக்கி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. புதுசை மாட்டி, பேட்டரியை இணைத்து, நாலு கண்ணாடியும் இரண்டு மிரரும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பேனலை அழுத்தி மூட வேண்டும். தானியங்கி கண்ணாடி உள்ள வண்டியில், பேட்டரி கழற்றினதால் அது தன் எல்லையை மறந்திருக்கும். மேனுவலில் சொன்னபடி முழுக்க இறக்கி, ஏற்றி, சில நொடி பிடித்திருந்தால் மறுபடி கற்றுக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் இரண்டு விஷயம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று பழைய சுவிட்ச். காசு கொடுத்தவருக்குச் சொந்தமானது அது. இரண்டு பில். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சேர்த்திருக்கிறார்கள். "பில் வேணும்னா டாக்ஸ் ஆகும் சார்" என்பவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

கடைசியாக ஒன்று

சட்டம், ஆணையம், இணைய வாசல் எல்லாம் மேலே இருந்து வரட்டும். கீழே இருந்து மாற்ற ஒரு சின்னப் பழக்கம் போதும். பட்டறைக்குப் போனதும் "சுவிட்ச் எவ்ளோ?" என்று கேட்காமல், "என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல எவ்ளோண்ணே?" என்று கேட்பது. அந்தக் காசை, கோளாறு வெறும் ஃபியூஸாக இருந்தாலும், முகம் சுளிக்காமல் கொடுப்பது.

டாக்டருக்கு ஃபீஸ் தனி, மருந்துக்குக் காசு தனி என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு ஊசியும் போடாமல், மாத்திரையும் எழுதாமல் "ஒண்ணுமில்லை, போய்ட்டு வாங்க" என்று சொன்ன டாக்டருக்கும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரர் அதையே சொன்னால் மட்டும் "சும்மா பார்த்ததுக்கு காசா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

பார்ப்பதற்குக் கூலி கிடைத்தால் பார்க்கிறவர்கள் பெருகுவார்கள். இப்போது கூலி மாற்றுவதற்குத்தான், அதனால் மாற்றுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பத்து வருஷம் இப்படியே போனால் டெஸ்ட் லேம்ப்பைப் பிடிக்கத் தெரிந்த கடைசி ஆட்டோ எலக்ட்ரீஷியனும் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் மகனுக்குப் பெட்டியைப் பிரித்து மாட்ட மட்டும்தான் தெரிந்திருக்கும். அன்றைக்கு நாலாயிரம் என்ன, எட்டாயிரம் சொன்னாலும் கேட்க நாதி இருக்காது.